பொன்னுவேலின் பின்கதவு

சேர்வராயன் மலையில் அவசரம் என்று ஒன்று உண்டா என்று சமவெளிக்காரர்கள் சந்தேகப்படுவதுண்டு. உண்டு. அது தினமும் சாயங்காலம் சேலத்தில் பொன்னுவேலின் வேனில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி, ஏற்காடு கடைவீதியில் ஒரு டீ குடித்துத் தெளிந்து, நாகலூர் போய்ச் சேரும். காலையில் அதே வேனில் மலையின் அவசரங்கள் சேலத்துக்கு இறங்கும்.

எது அவசரச் சரக்கு என்பதற்குப் பெரிய கம்பெனிகள் பக்கம் பக்கமாக இலக்கணம் வைத்திருக்கின்றன. பொன்னுவேல் ஆளின் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். காப்பிப் பழம் பறித்துக் குவித்த நாளில் பல்ப்பர் மிஷினின் பெல்ட் அறுந்துபோன எஸ்டேட் ரைட்டரின் முகம் முதல் தரம். அன்றைக்கே தோல் உரிக்காவிட்டால் பழம் புளித்துவிடும், ரைட்டருக்கும் முகம் புளித்துவிடும். பிறந்தநாள் கேக்குக்காக லாட்ஜ் வாசலில் உலாத்தும் புது மாப்பிள்ளை இரண்டாம் தரம். மூக்குக்கண்ணாடியைச் சேலத்தில் மறந்துவிட்டு வந்த சுற்றுலாப் பயணி மூன்றாம் தரம். அப்படி ஒருவர் கண்ணாடி இல்லாமலேயே மனைவியோடு வெகு சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து, பொன்னுவேல் அதை மறுநாள்தான் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று ஒரு வதந்தி உண்டு. அவர் மறுக்கவில்லை.

இந்த மகத்தான நிர்வாகம் முழுவதும் ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய டீசல் வேனின் பின்கதவுக் கொக்கி எப்போதோ தளர்ந்துபோனது. வண்டி ஓடினால் 'சளக் புளக்' என்று ஒரு ஓசை. குழியில் இறங்கினால் கூடவே ஒரு 'டணார்'. மெக்கானிக் சேகர் அதைச் சும்மாவே சரிசெய்து தருகிறேன் என்று வந்தபோது ஊரே திரண்டு தடுத்தது. காரணம், நாகலூரிலும் செம்மநத்தத்திலும் வேனுக்காக யாரும் ரோட்டில் வந்து நிற்பதில்லை. தோட்டத்தில் வேலையாக இருப்பார்கள். அங்கே செல்போனில் சிக்னல் வேண்டுமென்றால் பாறைமேல் ஏற வேண்டும். சளக் புளக் மட்டும் எல்லாத் தோட்டத்துக்குள்ளும் வரும். அது தூரத்தில் கேட்டதும் செம்மநத்தத்து முத்தாயி அக்கா பட்டர் ஃப்ரூட் கூடையைத் தலைக்கு ஏற்றுவார். பிரிவு ரோட்டுக்கு அவரும் வேனும் ஒன்றாக வந்து சேர்வார்கள்.

எதிர்காலம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளை நிறத்தில் இருந்தது.

சேலத்தில் ஒரு விரைவுச் சரக்குக் கம்பெனி மலைக்கென்று பேட்டரி வேன் இறக்கியிருந்தது. அதன் அதிகாரி திவ்யா, தமிழை விட வேகமாகக் கணக்கு பேசும் சின்னப் பெண், பொன்னுவேலைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது. சரக்கு நிரம்பினால் மலைத்தடம் அவருக்கு. நிரம்பாவிட்டால் வேறு டிரைவர். பழைய வேனுக்கோ அடுத்த மாதம் எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதிச் சான்று, முடிகிறது. சேகர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினரிடம் டாக்டர் பேசும் குரலில் பேசியிருந்தார். ஆகவே இது போனால் பொன்னுவேலுக்கு மலையில் ஓட்ட வண்டியில்லை.

புது வேனில் உட்கார்ந்து சாவியைத் திருகியவர் முகம் வாடிவிட்டது.

"ஸ்டார்ட் ஆகலீங்களே மேடம்."

"ஆயிடுச்சுண்ணா. ஓடிட்டுதான் இருக்கு."

பொன்னுவேல் இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். திவ்யா சிரிக்காமல் இருந்தது பெருந்தன்மை.

வண்டி அற்புதமாக ஓடியது என்பதைச் சரித்திரத்துக்காகச் சொல்லிவிட வேண்டும். ஏற்றத்தில் திணறவில்லை. இறக்கத்தில் தானே சார்ஜ் ஏற்றிக்கொண்டது. வளைவில் குரங்குகள்கூட எழுந்திருக்காமல், பக்கத்தில் வந்த பிறகு திடுக்கிட்டுத் திட்டின. அவ்வளவு அமைதி.

மறுநாள் காலை அந்த அமைதி நாகலூரில் கிளம்பி, செம்மநத்தம் பிரிவைத் தாண்டி, ஏற்காட்டைக் கடந்து, சேலத்துக்கு வந்து நின்றது. பின்கதவைத் திறந்தால் உள்ளே நல்ல சுத்தமான காற்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"என்னண்ணா, மலைக்கு இன்னைக்கு லீவா?" என்றார் திவ்யா.

வழியெல்லாம் ஹாரன் அடித்துத்தான் பார்த்திருந்தார். ஆனால் மலையில் ஹாரன் அடிக்காதவர் யார்? வளைவுக்கு வளைவு பஸ் அடிக்கிறது. ஊர்சுற்ற வந்த கார்கள் குரங்குக்கும் அடிக்கின்றன, மேகத்துக்கும் அடிக்கின்றன. அதைக் கேட்டு எவர் கூடையைத் தூக்குவார்?

சாயங்காலம் திரும்பும்போது பிரிவு ரோட்டில் முத்தாயி அக்கா இடுப்பில் கைவைத்து வழிமறித்தார்.

"ஏம்ப்பா பொன்னுவேலு, காலைல எங்க போய்த் தொலஞ்ச? பழமெல்லாம் கனிஞ்சு கொழகொழன்னு கெடக்குது!"

"வந்தேனுங்கக்கா. இதே எடத்துல நின்னேன்."

"வந்தா சத்தம் கேக்கோணுமல்ல? பூனையாட்டம் வந்தா?"

"இனிமே மணி பாத்து வந்துருங்கக்கா."

"மணி பாத்து வர்றதுக்கு நான் என்ன பேங்க்குலயா வேல பாக்கறேன்? போ சாமி, போ!"

பொன்னுவேல் வாடிய முகத்தோடு நாகலூர் வந்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் வண்டியை நிறுத்தினார். வண்டி வந்தது வீட்டுக்கும் தெரியவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. அவருடைய மனைவி இளவரசி, ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் தங்கை காமாட்சியின் வீட்டில் முந்தின இரவு தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார்; புது வண்டியை இன்னும் பார்க்கவில்லை. இப்போது தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பொன்னுவேல் வருவதற்கு முன்னால் அவர் வருகிற சத்தம் வந்துவிடும். அதனால், தான் இல்லாத வீடு எப்படிப் பேசும் என்பது அவருக்குத் தெரியாத விஷயம். நின்று கேட்டார்.

"இன்னும் சத்தத்தையே காணோம் காமாட்சி. மேல் வளைவுல சளக்குன்னு கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். நேத்துப் பேஞ்ச மழைக்குப் பாறை வேற உருண்டு கெடக்குதாம்… அடுப்புகூடப் பத்த வெக்கல, கை ஓடமாட்டேங்குது. உள்ள வந்தாருன்னா ஏன் இத்தன நேரம்னு கத்துவேன், அது வேற. ஆனா நொம்பத் தங்கமான மனுசன்டீ."

தங்கமான மனுஷன் அங்கிருந்த தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டார்.

"ஏனுங்க! எப்ப வந்தீங்க? திருடனாட்டம்!" இளவரசி போனை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஏன் இத்தன நேரம்?"

"வெள்ளனவே வந்துட்டேன் புள்ள" என்றார் பொன்னுவேல். சாய்ந்த குடத்தை நிமிர்த்திவைத்தார்.

பொழுது விடிந்ததும் அவர் சேகரின் பட்டறைக்குப் போனார். அங்கே நின்றிருந்த பழைய வேனிலிருந்து கொக்கி கழன்றது. புது வேனின் பின்கதவில் ஏறியது. கம்பெனி வண்டியில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். "மாட்டினா தடம் போயிருமுங்க" என்றார் சேகர். "மாட்டலீன்னாலும் போயிரும். நல்லா தொளதொளன்னு மாட்டு" என்றார் பொன்னுவேல்.

வாரத்தின் கடைசி நாள் காலை திவ்யா தானே வண்டியில் உட்கார்ந்து பார்க்க நாகலூருக்கு வந்தார். வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் காதைத் தீட்டினார்.

"அண்ணா, பின்னாடி என்னமோ ஆடுது. நிறுத்துங்க."

பொன்னுவேல் நிறுத்தினார். சொல்ல வாயெடுப்பதற்குள் காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து ஒரு மிளகு மூட்டை நடந்து வந்தது; அதற்கடியில் ஓர் ஆள் இருந்தார். அடுத்த நிறுத்தத்தில் எஸ்டேட் ரைட்டர், அறுந்த பெல்ட்டை மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பிரிவு ரோட்டில் முத்தாயி அக்கா கூடையை இறக்கிவைத்து, திவ்யாவை ஏறிட்டுப் பார்த்தார்.

"இந்தக் கண்ணுதான் வண்டிக்கு ஊமை வைத்தியம் பண்ணுச்சா?"

ஏற்காடு வருவதற்குள் உள்ளே இடமில்லை. திவ்யாவின் மடியிலும் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. கடைசி வளைவில் அவர் பலாப்பழத்தைப் பிடித்துக்கொண்டு பொன்னுவேல் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, அந்தக் கொக்கியை யாருகிட்டயும் ரிப்பேருக்குக் கொடுத்துடாதீங்க."

தடம் பொன்னுவேலுக்கே கிடைத்தது. மலையின் விரைவுச் சரக்கு எதிர்காலத்துக்குள் சளக் புளக் என்று போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்றே ஒன்று. சில சாயங்காலங்களில், நாகலூர் மேல் வளைவைத் தாண்டியதும் பொன்னுவேல் இறங்கி, கொக்கியைத் துணி வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, பூனைபோல வீட்டுப் பக்கம் வந்து ஜன்னலடியில் நிற்கிறார். சத்தம் வளைவில் கேட்டு வாசலுக்கு வராமல் போனால் என்ன அர்த்தம் என்பது இளவரசிக்கு இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. அவர் நிதானமாகப் போனை எடுத்து, கொஞ்சம் உரக்கவே பேசுகிறார்:

"தங்கமான மனுசன்தான் காமாட்சி. சேலத்துல இருந்து ஒரு தட்டுவடை செட்டு வாங்கியாரத்தான் தெரியமாட்டேங்குது."

மறுநாள் தட்டுவடை முதல் தர அவசரச் சரக்காக மலையேறியது.