மிதக்கும் நிலங்களில் நான் படகுக்காரன்

என் மகளுக்கு நான் செய்த துரோகம் ஒரு விளையாட்டுக்குள் நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் விளையாட்டைச் சொல்லியாக வேண்டும்.

அவள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்தாள். அறைத்தோழியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து இருபது முகம் கொண்ட ஒரு பகடையையும் அச்செடுத்த சில தாள்களையும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பலகை கிடையாது, காய் கிடையாது. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் கதவைத் திறக்கிறேன், நான் அந்த ஆளை நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. எங்கள் மேசையில் உலகத்தைச் சொன்னவள் என் மகள்.

அவளுடைய உலகத்தில் கடல் எங்கோ கீழே இருந்தது. நிலங்கள் துண்டு துண்டாக ஆகாயத்தில் மிதந்தன. 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்த ஊர் எங்களுடையது. அந்தக் காலையில், பள்ளியில் தன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ஒருத்தியை அவள் இழந்தாள். அலை எட்டாத உயரத்துக்கு நிலத்தைத் தூக்கி வைத்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டதற்கு, பிச்சாவரத்தில் தண்ணீர் இறங்கியபோது வேரெல்லாம் வெளியே தெரிய மரங்கள் அந்தரத்தில் நின்றதாகவும், அதைப் பார்த்து வந்த யோசனை என்றும் சொன்னாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

2007இல் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விளையாடினார்கள். அறைத்தோழி சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மகளோடு படித்த ஓர் இளைஞன் ஊரின் இன்னொரு பகுதியான ஓல்டு டவுனிலிருந்து சைக்கிளில் வருவான். நாலாவது ஆளுக்குச் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டதால் என்னைக் கேட்டார்கள். நான் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்த நாட்கள். சரி என்றேன்.

நிலத்துக்கு நிலம் ஆட்களை ஏற்றிச் செல்லும் கிழட்டுப் படகுக்காரன் வேடம் எனக்கு. இளைஞன் வரைபடம் வரைபவன். முதல் நாளே அவன், "யோவ் பெருசு, படகு நகருமா, இல்ல எறங்கித் தள்ளணுமா?" என்றான். சமையலறையில் என் மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அவன் உடனே எழுந்து, "சாரி சார், அது உங்கள இல்ல, படகுக்காரர" என்றான்.

"இங்க நீ சார்னு கூப்ட்டாதான் தப்பு," என்றாள் மகள். "மேசையில பேசினது மேசையோட. எழுந்து போறப்ப யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாது. அப்பா, உங்களுக்கும் சேத்துதான்."

"நான் எதைம்மா எடுத்துட்டுப் போகப் போறேன், வயசான காலத்துல?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆசிரியனாக இருந்த முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் என்னை 'யோவ்' என்றதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சனிக்கிழமையே படகைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். படகு எதனால் மேலே எழும்புகிறது என்று மகள் கேட்டபோது, ஏறுகிற ஆள் தன்னைப் பற்றி ஓர் உண்மை சொல்ல வேண்டும், அந்த உண்மைதான் படகைத் தூக்கும் என்றேன். அவள் கைதட்டினாள். "சூப்பர்ப்பா! இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க." அவள் சிறு குழந்தையாக இருந்த நாட்களுக்குப் பிறகு என்னைப் பார்த்து அப்படி மகிழ்ந்தது அதுவே முதல் தடவை.

அறைத்தோழி தனக்கு உயரம் என்றால் பயம் என்றாள், படகு எழும்பியது. இன்னொரு வாரம், கணக்குத் தேர்வில் முன்னால் இருந்தவளைப் பார்த்து எழுதியதாகச் சொன்னாள். "இதுக்குப் படகு ரொம்ப ஜாஸ்தியா எழும்பிடும், இறுக்கிப் புடிச்சுக்க" என்றேன். நன்றாகத்தான் இருந்தோம்.

தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்று பழகிய கண் எனக்கு. யார் யாரைப் பார்க்காமல் இருக்க முயல்கிறார்கள் என்பதை அது தானாகவே கவனிக்கும். நாலைந்து மாதத்தில் மகளையும் அந்த இளைஞனையும் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவன் கிறிஸ்தவன். என் எதிர்ப்புக்குக் காரணம் அது ஒன்றுதான். இன்று வேறு எதையாவது சேர்த்துச் சொன்னால் பொய்யாகிவிடும். பள்ளியில் மத நல்லிணக்கப் பேச்சுப் போட்டிக்குப் பல வருடம் நடுவராக இருந்தவன் நான்.

அந்த ஞாயிறு, கதையில் நாங்கள் நின்ற நிலம் உடைந்து சரிந்துகொண்டிருந்தது. தோழி படகில் ஏறிவிட்டாள். வரைபடக்காரன் விளிம்பில் நின்றான்.

"யாரை மனசுல வச்சிக்கிட்டு ஏறுற? அதைச் சொல்லு. மத்த உண்மைக்கெல்லாம் இன்னைக்குப் படகு எழும்பாது," என்றேன்.

மகள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தே சொன்னான். "படகுக்காரரே, ஒரு பொண்ணு இருக்கா. ரெண்டு வருஷமாச்சு. அவ அப்பா நல்லவரு. அவருகிட்ட எப்டிக் கேக்கறதுன்னுதான் தெரியல. நீங்க வயசானவரு, நாலு ஊரு பாத்தவரு. எப்டிக் கேட்டா அவரு மனசு நோவாது?"

விளையாட்டு என்ற தைரியத்தில்தான் அவன் கேட்டான். என்னை நம்பித்தான் கேட்டான். இரண்டும் எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது.

"ஏறு," என்றேன். "நேராக் கேளு. நல்லவருன்னா கேட்டுக்குவாரு."

படகு எழும்பியது. தோழி மேசையைத் தட்டினாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் பதில் கிடைத்துவிட்டதாக அவள் நினைத்திருப்பாள்.

மறுநாள் காலை நான் ஓல்டு டவுனுக்குப் போய் அவன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் போன்றவர்தான். அவருக்கும் தன் பிள்ளைக்கு ஓர் இந்துப் பெண் என்பது சம்மதமில்லை. ஒரு டீ ஆறுவதற்குள் பேசி முடித்தோம். ஒரு மாதத்தில் அவனை வளைகுடாவில் இருந்த அவன் சித்தப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் அவன் என் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கேட்கச் சொல்லிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போனவன் நான், பிறகு எதற்கு வருவான்?

மகள் அழுவாள், சண்டை போடுவாள் என்று வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் படகுக்காரர்கிட்ட சொன்னதை நீங்க எப்டிப்பா எடுத்துட்டுப் போனீங்க?"

"நான் உன் அப்பாம்மா."

"அப்பாவா கேட்டிருந்தீங்கன்னா நானே சொல்லியிருப்பேன்."

அடுத்த வருடம் நான் பார்த்த மாப்பிள்ளையை மறுப்புச் சொல்லாமல் மணந்துகொண்டாள். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. சேலத்தில் குடித்தனம். வாரம் தவறாமல் போன் செய்வாள். "நல்லாருக்கேம்பா. மாத்திர போட்டீங்களா? அம்மாகிட்ட குடுங்க." மூன்று வருடத்தில் இதைத் தாண்டி ஒரு வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. அவளுக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்ததை மூன்று மாதம் கழித்துச் சம்பந்தியம்மா வாயால் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார் அந்த அம்மாள் சங்கடத்தோடு. தெரியும் என்று பொய் சொன்னேன்.

2011 முடியும்போது வந்த புயல் ஊரைப் புரட்டிப் போட்டது. காடாம்புலியூரில் என் மைத்துனர்களின் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத அந்த ஜனவரியில் மகள் வந்து பத்து நாள் தங்கினாள். கிணற்றில் தண்ணீர் இறைத்தாள், அம்மாவுக்கு உடம்பு பிடித்துவிட்டாள், கூரையில் விழுந்த கிளைகளை ஆள் வைத்து அப்புறப்படுத்தினாள். என்னிடமும் அன்பாகத்தான் இருந்தாள்.

ஒரு மதியம் சொன்னேன். "நான் செஞ்சது தப்பும்மா. உங்க ரெண்டு பேரையும் பிரிச்சது ஒரு தப்பு. கேட்ட விதம் அதைவிடப் பெரிய தப்பு."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சுப்பா. நெசமாத்தான் சொல்றேன்."

அவள் பொய் சொல்லவில்லை. கோபம் இருந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு நான் உள்ளே போயிருக்கலாம்.

"ஒரு தடவ எனக்கு அந்த உலகத்தச் சொல்றியா?" என்று கேட்டேன். மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அந்த ஆகாயம் மறுபடி வந்தது. ஒரு நிலத்தைச் சொன்னாள்: கருங்கல் பாறை, நடுவில் சுனை, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த புல். அழகாகச் சொன்னாள். நான் இறங்கி நடந்தேன்.

"இங்க யாரு இருக்காங்க?" என்றேன்.

"யாரும் இல்லப்பா."

அடுத்த நிலத்துக்குப் போனேன். முந்திரிக் காடு, பழம் உதிர்ந்து கிடக்கும் வாசனை. அங்கும் யாரும் இல்லை. மூன்றாவதில் ஒரு வீடு இருந்தது, அடுப்பு கூடச் சூடாக இருந்தது என்றாள். கதவைத் தட்டினேன், கூப்பிட்டேன். அவள் என்னைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயதானவர்களை நல்ல பிள்ளைகள் பார்க்கும் விதம் அது.

"இப்பதான் வெளிய போயிருப்பாங்க போல," என்றாள். "இன்னும் கொஞ்சம் நடந்து பாக்கறீங்களா, இல்ல போதுமாப்பா?"

நடக்கிறேன் என்றேன்.