தீர்த்தம்மாள் வாய் திறந்த கதை

"உங்களுக்கு ஈறு கெட்டுப்போயிருக்குதுங்க" என்றாள் ராதிகா.

நாற்காலியில் சாய்ந்திருந்த தீர்த்தம்மாள் சட்டென்று நிமிர்ந்து கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். "ஈரா? ஏம் பாப்பா, பல்லு பாக்க வந்தவகிட்ட தலைய எதுக்குப் பாக்கற?"

"தலையில இல்லைங்க. வாயில."

"வாயில ஈரா! அப்ப பேனு எங்க இருக்குது, மூக்குலயா?"

வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தது உள்ளே கேட்டது. ராதிகாவுக்குக் காது சிவந்துவிட்டது. கை கழுவிக்கொண்டு வந்த டாக்டர் மாதவராஜ்தான் காப்பாற்றினார். "எகிறுங்கம்மா. எகிறு வீங்கிச் சீழ் புடிச்சிருக்குது."

"எகிறா? அத நல்ல தமிழ்ல சொல்றதுக்கு என்ன?" என்று ராதிகாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்தாள் தீர்த்தம்மாள்.

பென்னாகரத்தில் அந்தப் பல் மருத்துவமனையில் ராதிகா உதவியாளராகச் சேர்ந்த புதிது. அதிகம் பேசாத பெண். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்திருந்தாள்; இரண்டிலும் எகிறு பாடத்தில் வரவில்லை.

தீர்த்தம்மாளுக்கு ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை. மீன் வாங்காமல் அவள் கடையைத் தாண்டிப் போகலாம், நாலு வார்த்தை வாங்காமல் போக முடியாது. கொஞ்ச காலமாக இரண்டு கண்ணிலும் புரை. எண்ணெயில் கிடக்கும் மீன் சிவந்ததா கருகியதா என்று தெரியவில்லை. கருகிவிட்டது என்று சொன்னவர்களுக்கெல்லாம் நாக்கில்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் கரண்டி மருமகள் அம்பிகா கைக்குப் போயிற்று. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு ஓடினால், சர்க்கரை குறையாமல் கண்ணைத் தொட மாட்டோம் என்றார்கள். மாத்திரை போட்டும் குறையவில்லை. சர்க்கரை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு இங்கே அனுப்பினார்.

பல் விளக்கும்போது ரத்தம் வருவதை அவள் அடுப்புச் சூடு என்றே நினைத்திருந்தாள். வாயில் சீழ் இருந்தால் சர்க்கரை இறங்காமல் முரண்டு பிடிக்கும் என்று மாதவராஜ் சொன்னதை நம்பவில்லை. "வாய் எங்க, கண்ணு எங்க?" ஆனாலும் கரண்டியை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். இரண்டு தடவையாகச் சுத்தம் செய்தார்கள். அவ்வளவு நேரம் பேசாமல் கிடந்ததுதான் அவளுக்குப் பெரிய வேதனை.

"வலி இல்லைன்னாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க" என்றாள் ராதிகா.

"வலி இல்லாம வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? சும்மா பாத்துட்டு அனுப்பறதுக்கு இதென்ன பொண்ணு பாக்கற சமாச்சாரமா?"

சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. எகிறு ஆறியதும் மாத்திரையை விடாமல் போட்டதும் சேர்ந்துதான் என்றார் மாதவராஜ். டீக்குச் சர்க்கரை போடுவதை நிறுத்திய தன் தியாகத்தை அவர் சொல்லவில்லையே என்று அவளுக்குக் குறை. கண் ஆபரேஷன் முடிந்தது. கரண்டியும் திரும்பி வந்தது. இத்தனை நாள் அம்பிகா வறுத்ததெல்லாம் அரைவேக்காடு என்ற தீர்ப்பும் அன்றைக்கே வந்துவிட்டது.

ராதிகா சொன்ன அந்த ஆறாவது மாதத்தில், வலி எதுவும் இல்லாமல், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள் தீர்த்தம்மாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றியவள், வாயைத் திறக்காமல், விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த ராதிகாவையே உற்றுப் பார்த்தாள்.

"இத்தன வாட்டி வந்தும் நீ எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்ச கண்ணு. இப்பத்தான் பார்வை வந்திருக்குது, நீ என்னடான்னா மூக்கு வரைக்கும் மூடிக்கிட்டு நிக்கற. அந்த மாஸ்க்கக் கொஞ்சம் எறக்கு, உம் மொகத்தப் பாத்துக்கறேன்."