பாரிஸ் விழுந்த நாளும் பாறசாலையும்

பாறசாலையில் பேருந்து நின்று ஒரு மணி நேரமாகிறது. எல்லைப் போராட்டக்காரர்கள் சாலையின் குறுக்கே பனைமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூன்றாவது முறையாகச் செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டுகிறேன்.

பக்கத்தில் ஒரு பெண், தூக்குவாளியில் சோற்றோடு நிற்கிறாள். இந்தப் பகுதி திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போன அவள் கணவர் நெய்யாற்றின்கரை லாக்கப்பில் இருக்கிறாராம்.

"நீங்க எங்க உள்ளவரு?"

"காரைக்கால். போன மாதம்வரை அது பிரான்ஸ்."

அவள் சிரிக்கவில்லை. நானே கொட்டித் தீர்க்கிறேன். என் அப்பா பிரான்ஸைப் பார்த்ததே இல்லை. நகரசபை குமாஸ்தா, அவ்வளவுதான். பாரிஸை ஜெர்மன்காரன் பிடித்த செய்தி வந்த நாளில், வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்றார். அன்றுதான் அவர் பிரெஞ்சுக்காரர் ஆனார்.

"இவரைப் பிடிச்சிட்டுப் போன அன்னைக்கு எனக்க வீட்டிலயும் அடுப்பு பத்தவைக்கல்ல" என்கிறாள். "அதுவரை தமிழும் மலையாளமும் ரெண்டும் பேசுவோம், யாரும் ஒண்ணும் கேட்டதில்ல. இப்பம் கெணத்துல தண்ணி கோரப் போனாலும், நீ எந்தப் பக்கம்னு கேள்வியாக்கும்."

மரத்தை ஓரமாக இழுத்துவிட்டார்கள். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். படியில் கால் வைத்தவள் திரும்புகிறாள்.

"போன மாசம் ஒங்க கொடி எறங்கினப்பம், அப்பா அடுப்பு மூட்ட விட்டாரா?"

"விட்டார்" என்கிறேன்.

அன்று பாயசம் வைக்கச் சொன்னவன் நான். அப்பா மட்டும் சாப்பிட வரவில்லை.