ஐந்து மணிக்குத் திறந்த பார்

சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் எங்கே இருப்பார் என்று திருத்தணியில் பாதிப் பேருக்குத் தெரியும். அரக்கோணம் ரோட்டில் டிராக்டர், பம்ப்செட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஷட்டரை இறக்கியதும் நண்பர்கள் மூன்று பேரோடு பாருக்குப் போவார். எட்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார். குடி அளவுதான். ஆனால் பேச்சையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு வருவார். எனக்கு மிஞ்சுவது, "இன்னா கொழம்பு?" என்ற ஒரு கேள்வி.

அவர் குடிப்பது எனக்கு ஒரு குறையாக இருந்ததில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து அப்படி என்னதான் பேசுவார் என்பதைக் கேட்க வேண்டும் என்றுதான் இருபத்தாறு வருடமாக ஆசை. யாரிடம் போய்ச் சொல்ல முடியும் இதை?

போன வருடம் எனக்குக் கோடை விடுமுறை விட்டதும் (கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை நான்), சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பாங்காக்குக்கு இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். ஐந்து நாளைக்கு எங்கெங்கே போக வேண்டும் என்று வாட்ஸப்பில் ஒரு பட்டியலும் அனுப்பினாள். கோயில், அரண்மனை, மால், மறுபடியும் கோயில். முதல் நாள் அதன்படியே சுற்றினோம். வெயில் நம் ஊர் வெயில்தான், கொஞ்சம் ஈரம் அதிகம். இவர் என் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்து வந்தார்.

இரண்டாம் நாள் ஆற்றுப் படகில் போகும்போது இறங்க வேண்டிய துறைக்கு முன்னாலேயே இறங்கிவிட்டோம். தலாத் நொய் என்று அந்தப் பேட்டைக்குப் பெயர். பழைய சீனக்காரர் வீடுகள், கைவண்டி மட்டும் போகிற சந்துகள். சந்து நெடுக, கூரை வரைக்கும் அடுக்கிவைத்த பழைய இன்ஜின் சாமான்கள். கியர் பாக்ஸ் மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. கிரீஸ் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து வந்தன.

இவர் நின்றுவிட்டார். ஆள் உயரத்துக்கு இருந்த ஒரு இன்ஜின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் அழுக்கைத் துடைத்து எதையோ படித்தார்.

"இன்னா பாவா அது?" என்றேன். எங்கள் வீடுகளில் பாதித் தெலுங்கு. மாமன் மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுகிறேன்.

"கப்பல் இன்ஜின்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

கடைக்காரக் கிழவர் வந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. விரலால் காட்டி, தட்டி, வாயால் சத்தம் எழுப்பி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் ஒரு டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்து முனையில் மரக்கதவு போட்ட ஒரு சின்ன பார் இருந்தது. இவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ ரூமுக்குப் போறியா? ஒரு பீர் குடிச்சிட்டு வந்துடறேன்."

"நானும் வரேன்."

"பாருக்கா?"

"ஆங். இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

கதவைத் திறந்த பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். குட்டை முடி, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. கடிகாரத்தைக் காட்டி ஐந்து விரலை விரித்தாள். ஐந்து மணிக்குத்தான் விற்பார்களாம். எதிரே ஒரு வண்டியில் பப்பாளிக்காயைச் சீவி, மிளகாயும் வேர்க்கடலையும் போட்டு உரலில் இடித்துக் கொடுத்தார்கள். ஒரு வாய்க்கே எனக்குக் கண்ணீர் கொட்டியது. "ஆந்திரா பக்கத்துல இருந்துகினு இந்தக் காரத்துக்கே அழுவறியே" என்று சிரித்தார். அவர் என்னைக் கிண்டல் செய்து எத்தனை காலம் ஆகியிருந்தது!

பாருக்குள் ஆறு ஸ்டூல்தான். ஒரு சீலிங் ஃபேன். அவள் கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு அதன்மேல் பீரை ஊற்றினாள்.

"பீர்ல ஐஸா! நம்மூர்ல இப்படிக் குடுத்தா சட்டையப் புடிச்சிருவானுங்க" என்றார். எனக்கு எலுமிச்சை சோடா. பாதியில் அவர் கிளாஸை இழுத்து ஒரு வாய் குடித்தேன். கசப்பு. அவர் தடுக்கவில்லை.

பிறகு கேட்டேன். "கப்பல் இன்ஜினப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிளாஸில் ஐஸைச் சுற்றிவிட்டுக்கொண்டே சொன்னார். "ஐடிஐ முடிச்சப்ப மெட்ராஸ்ல கப்பல் கம்பெனிக்கு ஆள் எடுத்தாங்க. இன்ஜின் ரூம் வேலை. எனக்குக் கெடச்சிது. நான்தான் போவல."

"ஏன்?"

"நீதான் சொன்னியாமே. ஒன்பது மாசம் கடல்ல கிடக்கறவனுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேன்னு. அத்தை வந்து சொல்லிச்சு."

அத்தை என்றால் என் அம்மா. நான் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. பத்தொன்பது வயதில் ஏதோ துணி மடித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் இருந்திருக்கும். அதற்கு ஒரு ஆள் கப்பலை விட்டிருக்கிறார்.

"உங்க பிரண்டுங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியுமே. எத்தினி வாட்டி சொல்லிகினு இருந்திருக்கேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றார். கோபமில்லாமல், உண்மையாகவே.

அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டில் வறுத்த முந்திரியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தாள். நான் அழவில்லை. ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாளும் பட்டியலைத் தொடவில்லை. யாவராத் தெருவில் மிளகு காரம் போட்ட நூடுல்ஸ் சூப் குடித்தோம். தேங்காய்ப்பாலில் ஊறிய, பிசுபிசுவென்று ஒட்டும் அரிசிச் சோற்றை மாம்பழத்தோடு தின்றோம். கணவாய் மீனைச் சுட்டுத் தரும் இடத்தில் வரிசையில் நின்றோம். ரோடு தாண்டும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், தாண்டிய பிறகும் விடவில்லை. தினமும் சாயங்காலம் ஏதாவது ஒரு சின்ன பார், இரண்டு ஸ்டூல். பேசினார். பட்டறை ஆரம்பித்தபோது இருந்த பயம், மகள் பிறந்த அன்று வண்டி கிடைக்காமல் அரக்கோணத்திலிருந்து நடந்தது, எல்லாம். மகள் போன் செய்து, "இன்னிக்குக் கோயிலுக்குப் போனீங்களாம்மா?" என்றாள். "ஆங், போனோம்" என்று பொய் சொன்னேன்.

ஊருக்கு வந்த மறுநாளே இவர் பட்டறையைத் திறந்துவிட்டார். வாய் மூடிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை, "இன்னிக்கு என்கூட உக்காருங்களேன்" என்று கேட்டேன். மறுக்கவில்லை. பீர் வாங்கி வந்தார். ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். நான் ஐஸ் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்டது. குக்கர் விசில் அடித்தது. "மோட்டார் தண்ணி ஏறிச்சா?" என்றார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் நண்பர்களோடு போனார்.

மூன்று வாரத்துக்கு முன் மணவூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது ரயில் லேட். பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆள் நடமாட்டமே இல்லை. வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், என் பக்கம் திரும்பாமல், "அந்தக் கப்பல்ல சேந்திருந்தா மொதல்ல எந்த ஊருக்குப் போயிருப்பேன் தெரியுமா?" என்றார்.

"எந்த ஊரு?" என்றேன்.

அதற்குள் வண்டி வந்துவிட்டது. கூட்டம். எனக்கு உள்ளே ஓர் இடம் கிடைத்தது, அவர் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தார். திருவாலங்காடு, அரக்கோணம், எங்கும் கூட்டம் குறையவில்லை. தலைகளுக்கு நடுவே அவர் சட்டைக் காலர் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. திருத்தணியில் இறங்கியதும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"எந்த ஊரு பாவா?"

"எது?" என்றார். காதில் போன். யாரோ நடுவழியில் நின்றுபோன டிராக்டரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கிளட்ச் பிளேட்டப் பாருப்பா மொதல்ல" என்று போனில் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். தினமும் அப்படியே போகிறது. இப்போதெல்லாம் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த துறைமுகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர். எந்த ஊரானாலும் சரி. அங்கே ஒரு சந்து இருக்கும், இரண்டு ஸ்டூல் இருக்கும்.