தாராக்கள் நின்ற ஆழம்

என் தம்பி பிலிப்பு வலை வீசினால் மீனோடு வாவியின் பாதித் தண்ணீரும் கரையேறிவிடும். சரி, பாதி கொஞ்சம் கூடத்தான். ஒரு வாளி ஏறும்.

அறுபத்தாறு வயது. நாவற்குடாவில் வீடு. தோணியும் வீச்சுவலையும்தான் சீவியம். பறவைகளை அவன் அழகுக்குப் பார்த்ததில்லை, ஆழத்துக்குப் பார்த்தான். சின்ன உள்ளான் நடக்கும் இடம் கணுக்கால் தண்ணீர். நெடுங்கால் உள்ளான் நின்றால் முழங்காலுக்குக் கீழே; அங்கே கண்ணை மூடிக்கொண்டு இறங்கித் தோணியைத் தள்ளலாம்.

இப்போது இரண்டு கண்ணிலும் புரை. செவ்வாய்க்கிழமை முதற் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை என்று நாள் கொடுத்திருந்தார்கள். "கண்ணில கத்தி வைக்க விடமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றான். விடியுமுன் தனியாகத் தோணி எடுக்கிறவன். அவன் மனைவி மக்டலினுக்கு நித்திரையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புட்டும் மீன்பொரியலும் கட்டிக்கொண்டு, அவர்கள் மகள் றொசானி வாங்கிய தூரக்கண்ணாடியோடு நாங்கள் நால்வரும் பிலிப்பின் தோணியில் வவுணதீவுப் பக்கம் பறவை பார்க்கப் போனோம். தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசியது.

"அந்தா, நெடுங்கால் உள்ளான். அம்பது நிக்கி," என்றான் பிலிப்பு. "துடுப்புச் சத்தம் கேட்டாப் பறந்திரும். நான் இறங்கித் தள்ளுறன்."

றொசானி இன்னும் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அது நிக்கல்ல, மிதக்கிது. காட்டுத்தாரா," என்றாள் மக்டலின், அந்த வாத்துக் கூட்டத்தை நோக்கிக் கைநீட்டி.

"வாவியில நாப்பது வருசம் கிடந்தது நானா, நீயா? சும்மா இரி."

சாரனை மடித்துக் கட்டினான். முழங்கால் தண்ணீருக்கு இறங்குகிற ஒய்யாரத்தோடு காலை வைத்தான். ஆளைக் காணவில்லை.

தொப்பி மட்டும் மிதந்தது. அதன்மேல் ஒரு தாரா ஏறி உட்கார்ந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறேன், நம்புகிறவர்கள் நம்பலாம். "ஆண்டவரே!" என்று கத்தினாள் மக்டலின். அம்பது தாராவும் சீழ்க்கையடித்தபடி எழும்பின. பிலிப்பும் எழும்பினான், தண்ணீரைத் துப்பிக்கொண்டு. மூவருமாக இழுத்துத் தோணிக்குள் போட்டோம். மக்டலின் அவன் கையைக் கரை வரும்வரை விடவில்லை.

கரையில் நான் நன்றாக ஏசினேன். "தாரா நிக்கிற ஆழத்துல இறங்கின முதல் ஆள் நீதான்டா! நாளைக்குத் தனியப் போய் விழுந்தா ஆர் தூக்கிற?"

அவன் புட்டைத் தின்று கை கழுவிவிட்டுக் கேட்டான்: "செவ்வாய்க்கிழமை எத்தின மணிக்குப் போகணும்?"

அக்கா ஏசினால் அப்படித்தான் வேலை நடக்கும்.

இவ்வளவையும் எழுதி மக்டலினுக்கு வாசித்துக் காட்டினேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அவர் ஒத்துக்கொண்டது நீங்க ஏசினதுக்கில்ல மச்சாள். நான் ஆண்டவரையும் கூப்பிடல்ல. 'பிலிப்பு' எண்டுதான் கத்தினன். கலியாணம் முடிச்சு முப்பத்தேழு வருசத்துல அவர்ர பேர் என்ர வாயில வந்ததில்ல. 'அவ்வளவுக்குப் பயந்திட்டியா, புள்ள?' எண்டு தோணிக்குள்ள வச்சே என்ர காதுக்குள்ள கேட்டவர். அப்பவே ஆசுபத்திரிக்கு வாறன் எண்டும் சொன்னவர்."