அம்மா இல்லாத பாப்பா

பேருந்தில் யாராவது இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால் போதும், ஹரிப்ரியா பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்வாள். அதற்குள் கேள்வி வந்துவிடும். "நுவ்வு ஆ சீரியல் பாப்ப கதா?" அந்த சீரியல் பாப்பா நீதானே என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். விடாமல் கேட்டால், "அது எங்க பெரியம்மா பொண்ணு" என்பாள்.

ஆந்திராவின் புத்தூரில் வீடு, ஸ்ரீசிட்டி ஆலையில் லைன் சூப்பர்வைசர் வேலை. அங்கே அவளிடம் யாரும் குரலை உயர்த்திவிட முடியாது. சாப்பாட்டில் ஊறுகாயை முதலில் தின்றுவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பாள். சாவு வீட்டுக்குப் போனால் அழ மாட்டாள். அழுதால், "எப்படி நடிக்கிது பாரு" என்பார்கள்.

ஆறு வயதில் அவள் நடித்த தெலுங்குத் தொடரில் தாயில்லாப் பிள்ளை வேடம். திருப்பதியில் நடந்த ஒரு மேடை விழாவில், நிஜ அம்மா எங்கே என்று தொகுப்பாளினி கேட்டாள். நைனா எத்திராஜ் மைக்கை வாங்கி, "அவளும் இல்லீங்க" என்றார். அரங்கமே அழுதது. அம்மா கன்னிகா அப்போது மேடைக்குப் பின்னால், மகளின் மாற்றுத்துணியோடு நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து படப்பிடிப்பில் கன்னிகாவை வேலைக்காரி என்றே சொல்லிவைத்தார். பள்ளியில் சேர்க்கும்போது தாய் காலமானதாக எழுதினார் எத்திராஜ். ரேஷன் கார்டிலிருந்து கன்னிகாவின் பெயரை எடுத்து, நகரியில் அவள் அண்ணன் கார்டில் ஏற்றினார். தொடர் முடிந்தது, வாய்ப்புகளும் நின்றன. செத்துப்போனவள் புத்தூர் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த ஆடியில் கன்னிகாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதய வால்வு பழுது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். ஹரிப்ரியாவின் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் செய்துகொள்ளலாம். ஆனால் பழைய சான்றிதழ்களைப் பார்த்து, ஆலைப் பதிவிலும் தாய் இல்லை என்றே ஏறியிருந்தது. திருத்துவதற்குக் குடும்ப உறுப்பினர் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கிராம வருவாய் அலுவலர், வி.ஆர்.ஓ., வீட்டுக்கு வந்து விசாரிப்பார், தகப்பன் தன் வாயால் சொல்ல வேண்டும்.

எத்திராஜ் பிடிகொடுக்கவில்லை. பழைய நடிகர்களைத் தேடிப் பேட்டி எடுக்கும் யூடியூப் சேனல்களில் அவர் இன்னும் அதே கதையைத்தான் சொல்லிவந்தார்.

"ஊரே பாத்துக்கினு கீது. அவ உயிரோட கீறா, நான் சொன்னது பொய்யின்னு இப்போ சொன்னா காறித் துப்புவாங்க."

"துப்பட்டும் நைனா. அம்மாவுக்கு மூச்சு வரல."

"சின்னம்மான்னு எழுதிக்கோயேன். யாரு பாக்கப் போறாங்க?"

"சின்னம்மாவுக்கு இ.எஸ்.ஐ. கெடைக்காது நைனா" என்றாள் ஹரிப்ரியா. அடுப்பிலிருந்த பாலை இறக்கினாள். பால் ததும்பி விரலைச் சுட்டது.

வி.ஆர்.ஓ. சுதீர் இளைஞர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவளை அடையாளம் கண்டுகொண்டார். "மேடம், மீ சீரியல் பாத்து எங்க அம்மா தினமும் அழுவாங்க" என்று சிரித்தார். பிறகு கதவோரம் நின்ற கன்னிகாவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"சார், மீரு செப்பண்டி. ஈமெ எவரு?" இவர் யார், நீங்களே சொல்லுங்கள் என்று எத்திராஜைத்தான் கேட்டார்.

எத்திராஜ் சட்டைப் பொத்தானைத் திருகினார். கன்னிகா மூச்சை இழுத்து விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவ வந்து, பாப்பாவுக்கு..." என்று இழுத்தார். அடுத்த சொல் என்னவென்று ஹரிப்ரியாவுக்குத் தெரியும்.

"சொல்லுய்யா" என்றாள் கன்னிகா. "அன்னிக்கி மைக்குல சொன்னியே, அத்தினி சத்தமா சொல்லு."

இத்தனை வருடத்தில் அவள் அந்த மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தார், பின்பு தரையைப் பார்த்தார்.

"என் சம்சாரம். பாப்பாவைப் பெத்தவ. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

சுதீர் அதை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். வாசல் நிழலில் மூவரையும் சேர்த்து, பதிவுக்காக ஒரு படம் எடுக்க வேண்டும் என்று போனைத் தூக்கினார். எத்திராஜ் தலையைக் கோதிக்கொண்டு நேரே நடுவில் போய் நின்றார். கன்னிகா, யாரும் சொல்லாமலே, சுவரோரம் ஒதுங்கினாள்.

ஹரிப்ரியா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நடுவுக்கு அழைத்து வந்தாள்.

"நவுரு நைனா."

எத்திராஜ் போனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிழலை விட்டு விலகி, ஓரமாய் வெயிலில் நின்றார்.