மாசம் ஒரு பிளக்

சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் உறுமவிடுகிறார் மாமா. எங்கேயும் போகிற உத்தேசம் இல்லை. பெட்ரோலை அளவுக்கு மீறி ஊட்டினால் ஸ்பார்க் பிளக் முனையில் கரி அப்பும். அது அப்பத்தான் இவ்வளவு பாடு. காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடும் அம்மா தன் தம்பியைப் பார்த்துக் கத்துகிறாள். "டேய், கோளாறு வண்டியிலயா, உன் மண்டையிலயா?" மாமா காது கேட்காதவர் மாதிரி டேங்க்கைத் துடைக்கிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை. பிளக் கறுத்தே ஆகவேண்டும்.

வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். யாராவது அதட்டினால் முகம் சிவந்துவிடுவதால் அங்கே அவர் பெயர் 'லிட்மஸ்'. (பெயர் வைத்தது நான்தான் என்று ஒரு வதந்தி. நிரூபிக்கட்டும்.) அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி ஊற்றுகிற கை அது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் மட்டும் ஹெல்மெட் கொக்கியைக் கழற்ற மூன்று தடவை தடுமாறும்.

கடைக் கவுண்டரில் ஓர் அக்கா. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிளக்கைக் கண்ணருகே பிடித்து ஜாதகம் சொல்லுவார். "முனை பிஸ்கட் கலர்ல இருந்தா எஞ்சின் சௌக்கியம். வெள்ளையா வெந்திருந்தா சூடு. எண்ணெய்ப் பிசுக்குன்னா பிஸ்டன் ரிங் போச்சு." என்னைவிட இரண்டு வயது மூத்த எங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று அவருக்குத் தெரியும், கண்ட பிளக்கையும் தலையில் கட்டமாட்டார். புதுசே வேண்டாம் என்பார். கம்பி பிரஷால் கரியைத் தேய்த்து, பெட்ரோலில் கழுவி, ஊதி, முனை இடைவெளியில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்துக் கொடுக்கப் பத்து நிமிஷம். மாமாவுக்கு மாதம் என்பதே அந்தப் பத்து நிமிஷம்தான்.

"கேப் சரியா இருக்குதாங்க?"

"இருக்கு சார்."

ஒரு வருஷமாக இவ்வளவுதான் பேச்சு.

போன மாதம் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். மாமா சட்டை மாற்ற உள்ளே போனதும் சோக்கைத் தள்ளி அடைத்துவிட்டேன். கழற்றினால் பிளக் பளிச்சென்று பிஸ்கட் நிறம். மனிதர் பதறிப்போய் மெழுகுவத்தி ஏற்றி, முனையைப் புகையில் காட்டினார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. கடையில் அக்கா கட்டைவிரலால் தடவி முகர்ந்தார். "பெட்ரோல் வாசனையே இல்லையே சார். மெழுகுவத்தி வாசனையில்ல வருது?" லிட்மஸ் சிவந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை; துடைத்தால் போகிற கரியைப் பத்து நிமிஷமும் தேய்த்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு நின்றுபோனது. புகையாக இருக்கும்.

இன்றைக்குச் சேதி கொண்டுவந்தவனும் நான்தான். "மாமா, கடை முதலாளி பக்கத்து டவுன்ல புதுக் கடை தொறக்குறாராம். திங்கக்கிழமையிலேர்ந்து அக்கா அங்கதானாம்."

மாமா சோக்கைத் தள்ளினார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். கடைப் பக்கம் திரும்பாமல் நேரே போனார். நாற்பது கிலோமீட்டர், ஒரே சீரான வேகம். வந்து கடை வாசலில் பிளக்கைக் கழற்றி, துணியில் ஏந்திக் கவுண்டரில் வைத்தார். அப்பிய கரியெல்லாம் எரிந்துபோய், சுத்தமான பிஸ்கட் நிறம்.

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லையே சார்."

"ஆமாங்க. எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல."

அக்கா பிளக்கைத் துணியோடு கைக்குள் மூடிக்கொண்டார். "புதுக் கடை இருபது கிலோமீட்டர் சார். அவ்வளவு தூரம் ஓட்டினா பிளக் கறுக்கவே கறுக்காது."

"கறுக்கலன்னாலும் வரலாமா?"

அக்கா கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். தெருவில், வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, பிளக்கைத் துளையில் பொருத்தி விரலால் திருகத் தொடங்கினார். மாமா ஸ்பேனரை நீட்டினார். அக்கா வாங்கவில்லை, ஒவ்வொரு புரியாக, மெதுவாக, விரலாலேயே திருகிக்கொண்டிருந்தார்.